பூக்கட்டி எடுத்த வாள்

கார்த்திகைப் புயல் போன பிறகு முள்ளியவளையில் மரம் வெட்டத் தெரிந்தவனுக்கு இருந்த மரியாதை புது மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது. கூரைக்கு மேல் வேம்பு, கிணற்றுக்குக் குறுக்கே தென்னை, மாட்டுக்கொட்டிலின் மேல் மாமரம் என்று பாதி ஊர் விழுந்து கிடந்தது. கிருசாந்தனின் போன் ஓயாமல் அடித்தது. எல்லோருக்கும் "வாறன் அண்ணை, வாறன் அக்கா" என்று சொன்னானே தவிர, அவனால் ஓரிடத்துக்கும் போக முடியவில்லை. அவனுடைய மெசின் வாள் வெள்ளத்தில் மூழ்கி, என்ஜின் இறுகி, செத்துப்போயிருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நெல்மூட்டைகளையும் தாயையும் உயரத்தில் ஏற்றியவன் வாளை மறந்துவிட்டான்.

"என்னை விட்டிட்டு அதை ஏத்தியிருக்கலாம். நான் உழைச்சுத் தரப்போறனோ" என்று தாய் வடிவம்மா நக்கலடித்தாள்.

அவன் மனைவி தாட்சாயினி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த வாள் செத்ததில் உள்ளூர ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. கிருசாந்தன் வேலைக்குப் போகிற நாட்களில் பின்னேரம் அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்கும்வரை அவள் வாய்க்குள் ஒரு பருக்கை இறங்காது. இதை ஒரு வருத்தம், ஒரு நோய் என்று அவளே ஒத்துக்கொள்வாள். போரின் கடைசிச் சண்டையில் தகப்பனையும் தமையனையும் ஒரே கடற்கரையில் விட்டுவிட்டு வந்தவள். பிள்ளையும் இல்லை. இருந்தது இந்த ஒரு மனிதன். அவனும் மரத்தின் கீழ் நின்று உழைக்கிறவன்.

ஆனால் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆகவே வாள் பார்க்கப் போனார்கள். புது வாள் கைக்கு எட்டாத விலை. சின்ன வாள் கொப்பு வெட்டத்தான் உதவும். பெரிய வாளை அவனால் நெடுநேரம் பிடிக்க முடியாது, இடது தோளுக்குள் போரில் வெடித்த ஒரு செல்லின் துண்டு இன்னும் இருக்கிறது. நடுத்தரமான வாள், ஒருவர் பாவித்தது, ஆனால் நாசமாக்காதது. அப்படிப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் அப்போது இரண்டுதான் இருந்தன. விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுக்கும் பொலிஸ் பதிவு ஒழுங்காக இருந்தது. மிச்சமெல்லாம் வாளைப் பொறுத்தது.

முதலாவது குமுழமுனையில் இருந்தது. ஜெகதீஸ்வரி என்ற பெண்ணின் வீட்டில். அவளுடைய கணவன் யோகநாதன் மரம் வெட்டுகிறவன், போன வருசம் இறந்துபோனவன். உரப்பையில் சுற்றி, எண்ணெய் பூசி, பிள்ளையைத் தூக்குவது போல வாளைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தாள்.

"அவர் போனதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் இரவல் குடுக்கேல்லை. மாதத்துக்கு ஒருக்கா மட்டும் ஸ்ராட் பண்ணி விடுறனான்" என்றாள்.

கிருசாந்தன் இழுகயிற்றின் பிடியில் வாளைத் தூக்கிப் பார்த்தான். வாள் தன் பாரத்தில் மெதுமெதுவாகக் கீழே இறங்கியது. மெதுவாக இறங்கினால் என்ஜினுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது, தொப்பென்று விழுந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். செயினுக்கு எண்ணெய் போகிறதா என்று ஒரு தேக்கம் இலையை எடுத்து வாள் நுனிக்குக் கீழே பிடிக்கச் சொன்னான். ஜெகதீஸ்வரி பிடித்தாள். இலையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தது. ஸ்ராட் ஆவதற்குக் கொஞ்சம் அடம் பிடித்தது, இரும்பு அலகும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மற்றப்படி பழுதில்லாத சாமான்.

கடைசியாக அவன் முன்பிடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற கறுப்புத் தட்டை மணிக்கட்டால் தள்ளினான். ஓடிக்கொண்டிருந்த செயின் அந்தக் கணமே நின்றது.

"பாத்தீரே தாட்சா" என்றான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "பிறேக் வேலை செய்யுது. உள்ளை இரும்பு கிடக்கிற மரத்திலை செயின் பட்டால் வாள் துள்ளி ஆளின்ரை முகத்துக்குத்தான் வரும். வரேக்கை கை இந்தத் தட்டிலை முட்டும். முட்டினால் நிண்டிடும். இந்தப் பக்கம் உள்ள வாளுகளிலை முக்கால்வாசிக்கு உது இல்லை."

அவன் சொன்னது உண்மை. கொடியில் மாட்டுகிறது, கைக்கு இடைஞ்சல் என்று சொல்லி அந்தத் தட்டைக் கழற்றி எறிந்தவர்கள்தான் அங்கே அதிகம். கழற்றினால் வாள் சுகமாக ஓடும். வன்னி நிலத்து மரங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா என்றால், எல்லாம் தெரியும். செல் விழுந்த காணிகளில் நின்ற மரங்களை மரக்காலைக்காரர் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள், ஒரு துண்டு பட்டால் மில் வாள் போய்விடும். அந்த மரங்களெல்லாம் இவர்களைப் போன்றவர்களின் கைக்குத்தான் வரும். தெரிந்துகொண்டே கழற்றுகிறவர்களை என்ன செய்வது.

தாட்சாயினிக்குத் தட்டு விளங்கியது. ஆனால் அவள் மனம் வேறு ஒன்றில் சிக்கி நின்றது.

"அண்ணை என்னெண்டு அக்கா மோசம் போனவர்?" என்று கேட்டாள்.

"இந்த வாள் கையிலை இருக்கேக்கைதான்" என்றாள் ஜெகதீஸ்வரி. அவள் எதையும் மறைக்கிறவள் அல்ல. "மேலை முறிஞ்சு தொங்கின கொப்பு ஒண்டு தலையிலை விழுந்தது. நாங்கள் போய்ப் பாக்கேக்கை அவர் குப்புறக் கிடந்தார். வாள் பக்கத்திலை நிண்டுபோய்க் கிடந்தது. வாளாலை அவரிலை ஒரு கீறல்கூட இல்லைப் பிள்ளை. அவரைக் கொண்டுபோனது கொப்பு."

முழுவதையும் தெளிவாகத்தான் சொன்னாள். தாட்சாயினியின் காதில் விழுந்தது முதல் வசனம் மட்டும். இந்த வாள் கையில் இருக்கும்போதுதான். ஆள் விழுந்த கிணறு, ஆளை அடித்த லொறி, ஆள் தொங்கிய மரம் என்று உயிர் எடுத்த சாமான்களைப் பற்றி அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதைகள் ஒன்றா இரண்டா. ஒருமுறை ருசி கண்டது சும்மா இருக்காது என்று எல்லாக் கதையும் முடியும். அந்த முற்றத்தில் எண்ணெய் மினுங்கக் கிடந்த வாளை விட்டு அவள் இரண்டு அடி தள்ளி நின்றாள். ஜெகதீஸ்வரி தந்த தேத்தண்ணியைக்கூட அவள் குடித்து முடிக்கவில்லை.

"நாளையிண்டைக்குச் சொல்லுறன் அக்கா" என்று கிருசாந்தன் சொன்னான். அவன் அங்கேயே காசைக் கொடுத்து எடுத்திருப்பான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான்.

இரண்டாவது வாள் நீராவிப்பிட்டியில், முத்தலிப்பின் கடையில் இருந்தது. முத்தலிப் பழைய மெசின் வாங்கி விற்கிறவர். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் பழகிய தொழில், ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. தண்ணீர் இறைக்கும் மெசின், மருந்தடிக்கும் மெசின், தையல் மெசின் எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்பு நிறத்தில் அந்த வாள் இருந்தது. பார்க்க நேற்றுப் பெட்டி உடைத்தது போல. ஒரே இழுவையில் ஸ்ராட் ஆனது. சத்தமே ஒரு தினுசான சத்தம். கடைக்குப் பின்னால் கிடந்த பாலைக்குற்றியில் வைத்தபோது பேக்கரிப் பாணை வெட்டுவது போல இறங்கியது.

"ஆர் நானா பாவிச்சது?" என்று தாட்சாயினிதான் முந்திக்கொண்டு கேட்டாள்.

"வவுனியாப் பக்கம் ஒரு தோட்டக்காரர் தங்கச்சி. ஆள் கனடாவுக்குப் போட்டார். நல்லாத்தான் இருக்கிறார், பேரனுக்கும் கலியாணமாம்."

தாட்சாயினிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. முத்தலிப் அத்தோடு நிறுத்தவில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லிப்போடுறன். இதிலை பிறேக் தட்டு இல்லை. அந்த மனுசன் தென்னந்தோட்டத்துக்குப் பாவிச்சது, கழட்டி எறிஞ்சுபோட்டார். உள்ளுக்குள்ளையும் சாமான் இல்லை. வவுனியாவிலை சொன்னால் எடுத்துத் தருவாங்கள். பாலமெல்லாம் உடைஞ்சு கிடக்கு, எப்ப வருமெண்டு சொல்லத் தெரியேல்லை. அதை மாட்டிப்போட்டு மரத்துக்குக் கிட்டப் போங்கோ. நான் விக்கிறவன், சொல்லாமல் வித்தேன் எண்டு இருக்கக்கூடாது."

கிருசாந்தன் தட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். வாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். அவன் எதைத் தெரிவு செய்துவிட்டான் என்று தாட்சாயினிக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்தபிறகு தொடங்கிய சண்டை ஞாயிற்றுக்கிழமை முழுதும் நடந்தது. சண்டை என்றால் சத்தமில்லாத சண்டை. அவன் தட்டைப் பற்றிச் சொல்வான். அவள் குசினிக்குள் போய்ச் சட்டியை உருட்டுவாள்.

"அந்த மனிசன் கொப்பு விழுந்துதானப்பா செத்தது. வாள் என்ன செய்யும்?"

"கையிலை அதுதானே இருந்தது."

"கையிலை மோதிரமும் இருந்திருக்கும். அதையும் குற்றம் சொல்லுவீரோ?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

அவளால் நியாயம் சொல்ல முடியவில்லை. நியாயம் அவன் பக்கம் இருந்தது என்று அவளுக்கே தெரியும். பயத்துக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம். அந்தக் குமுழமுனை வாளைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் ஒழுங்கையால் போவதை நினைத்துக்கொண்டு, கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினாள்.

கடைசியில் கிருசாந்தன்தான் வழி கண்டுபிடித்தான். "நாளைக்குத் திங்கட்கிழமை. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பாப்பம். அம்மாள் எதைச் சொல்லுறாவோ அதை எடுப்பம். பிறகு நீரும் கதைக்கக்கூடாது, நானும் கதைக்கக்கூடாது."

அவர்கள் கலியாணத்துக்கும் அப்படித்தான் பூக்கட்டிப் பார்த்தது. கிணறு வெட்ட இடம் பார்த்ததும் அப்படித்தான். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் பொதிந்து சந்நிதியில் வைத்து, மனதில் நினைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. எடுத்த பூவின் பதிலை மாற்றிக் கேட்கிற வழக்கம் இல்லை. தாட்சாயினி உடனே ஒத்துக்கொண்டாள். அம்மாள் தன்னைக் கைவிட மாட்டாள் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

திங்கட்கிழமை கோயிலில் சனம். பொங்கல் பானைகளின் புகை கண்ணைக் கரித்தது. கிருசாந்தன் ஒரு ஓரமாக இருந்து இரண்டு பொட்டலம் கட்டினான். ஜெகதீஸ்வரியின் வாளுக்கு வெள்ளை நந்தியாவட்டை. முத்தலிப்பின் சிவப்பு வாளுக்குச் செவ்வரத்தை இதழ். இரண்டையும் கைக்குள் போட்டுக் குலுக்கி, எது எது என்று தனக்கே தெரியாமல் படியில் வைத்தான். "நீரே எடும்" என்று சொல்லிவிட்டு ஆண்கள் நின்ற பக்கம் தள்ளி நின்றான்.

தாட்சாயினி கண்ணை மூடிக் கும்பிட்டாள். தாயே, சிவப்பைத் தா, வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று கேட்டாள். வலப்பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

அவள் கை தானாக மூடிக்கொண்டது. பூ உள்ளங்கைக்குள் நசிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அம்மாளின் மேல் கோபம் வந்தது. தகப்பனை எடுக்கும்போது கேட்டாளா, தமையனை எடுக்கும்போது கேட்டாளா, இப்போது மட்டும் வாயைத் திறந்து சொல்ல வந்துவிட்டாள் என்று. அந்தக் கோபம் இருந்திராவிட்டால் அவளுக்கு அந்தத் துணிவு வந்திராது.

கிருசாந்தன் தலையால் என்ன என்று கேட்டான்.

"சிவப்பு" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "சரி, அப்ப நானாவின்ரைதான்" என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளி வீதிக்கு நடந்தாள். கையில் இருந்த வெள்ளைப் பூவை எங்கே போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. அவன் சற்றுப் பிந்தி வந்தான். கும்பிட்டுவிட்டு வருகிறான் என்று அவள் நினைத்தாள். அன்று முழுவதும் அவன் அவளோடு வழமையைவிட அன்பாக இருந்தான். கச்சான் கடலை வாங்கித் தந்தான்.

அடுத்த நாளே சிவப்பு வாள் வீட்டுக்கு வந்தது. வடிவம்மா சுற்றி வந்து பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மகனின் முகத்தைப் பார்த்தாள். தாயும் மகனும் கிணற்றடியில் கொஞ்ச நேரம் ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார்கள். தாட்சாயினி வாளுக்குச் சந்தனம் தடவி, தேசிக்காய் வெட்டி வைத்தாள்.

அதன் பிறகு தை முழுவதும் அவளுடைய நல்ல காலம். வாள் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. கிருசாந்தனும் அவனோடு வேலைக்குப் போகும் நிரோஜனும் கூரைகளுக்கு மேல் கிடந்த மரங்களை எல்லாம் தறித்துத் தள்ளினார்கள். அவள் பின்னேரத்தில் வாசலுக்கு ஓடுவதை விட்டுவிட்டாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்பதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று அவனிடமே சொன்ன நாட்கள்கூட உண்டு. அதைக் கேட்டு அவன் சிரிப்பான். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. ஒரு பொய் சொல்லிப் புருசனைக் காப்பாற்றிவிட்டதாகவே அவள் நினைத்திருந்தாள்.

பிறேக் சாமானைப் பற்றி அவள் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓரிரு தடவை கேட்டாள். "பாலம் சரியாகட்டும், எடுப்பம்" என்றான். பாலம் சரியானது. அதற்குள் வேலை தலைக்கு மேல் வந்துவிட்டது. "வாற கிழமை போறன்" என்றான். ஒவ்வொரு மரத்தையும் வெட்டுமுன் கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பதாகவும், பட்டையில் கறுத்த கசிவு இருந்தால் அந்த இடத்தைத் தொடுவதில்லை என்றும் அவளுக்குச் சொன்னான். அவன் முன்னைவிடக் கவனமாக வேலை செய்கிறான் என்று நிரோஜனும் சொன்னான்.

மாசி மாதத்தில் ஒருநாள், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில் சரிந்து கிடந்த வேம்பு. தட்டிப் பார்த்தானாம். பட்டையில் ஒரு அடையாளமும் இல்லையாம். செல் துண்டு உள்ளே போய்ப் பதினைந்து பதினாறு வருசமாக மரம் தன் காயத்தைத் தானே மூடி வளர்ந்திருந்தது. செயின் அதில் பட்டதும் வாள் மேலே துள்ளி அவன் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இறங்கியது. அவன் கை முன்னால் போனதாம். முட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இதை நிரோஜன் அழுதழுது சொன்னபோது கையை நீட்டிக் காட்டினான். தாட்சாயினி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

ஆசுபத்திரியில் அவன் அடுத்த நாள் மத்தியானம் வரை உயிரோடு இருந்தான். இடையில் கொஞ்சம் நினைவு வந்தது. விசாரிக்க வந்த பொலிஸ்காரர் தமிழ்தான். பிறேக் இல்லாத வாளை ஏன் வாங்கினாய், விற்றவன் ஏமாற்றினானா என்று கேட்டார். கிருசாந்தன் இல்லையென்று கண்ணால் சொன்னான். பிறகு மெல்லக் கதைத்தான். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"நானா சொல்லித்தான் தந்தவர். நாங்கள் அம்மாளிட்டைப் பூக்கட்டிப் பாத்து எடுத்தது. ஒருத்தரிலையும் பிழை இல்லை."

இதைச் சொல்லும்போது அவன் தாட்சாயினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பாதத்தைப் பிடித்தபடி நின்றாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சனம் போகட்டும் என்று நினைத்தாள். சனம் போனபோது அவனுக்கு நினைவு இல்லை.

அம்மாள் சொல்லி எடுத்த வாள் என்ற கதை செத்தவீட்டுக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. சனத்துக்கு அது ஆறுதலாக இருந்தது. யாரையும் நோக வேண்டியதில்லை அல்லவா. "அவாவே சொல்லி நடந்தது, நாங்கள் என்ன செய்யிறது பிள்ளை" என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். ஜெகதீஸ்வரியும் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தாட்சாயினியின் தலையைத் தடவிவிட்டு ஒரு மூலையில் இருந்தாள். முத்தலிப் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். செத்தவீடு நடந்த பின்னேரமே வடிவம்மா சாமித்தட்டில் இருந்த அம்மாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். விளக்கும் ஏற்றவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும், பெற்ற வயிறு அல்லவா, தாங்குமா என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

பரந்தனில் கலியாணம் கட்டியிருக்கும் கிருசாந்தனின் தங்கை மேனுகாதான் வாய்விட்டுத் திட்டினாள். "கண் பூத்துப்போன அம்மாள். என்ரை அண்ணைக்கு எமனைக் கையிலை எடுத்துக் குடுத்தவா. நான் இனி அந்தக் கோயில் பக்கம் தலை வைச்சும் படுக்க மாட்டன்." வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

தன்னைத் திட்டியிருந்தால் தாட்சாயினி தாங்கியிருப்பாள். கும்பிட்டுக் கேட்டபோது சரியாகத்தான் சொன்னாள் அந்தத் தாய். சொன்னதை மறைத்துவிட்டு, பழியையும் அவள் தலையில் கட்டிவிட்டு, எல்லோரும் தலையைத் தடவ விட்டுக்கொண்டு இருக்கிற தன்னைப் போல ஒரு சண்டாளி இந்த ஊரில் இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள். சோறு இறங்கவில்லை. படுத்தால் உள்ளங்கையில் பூ நசிந்த ஈரம் இருப்பது போல இருந்தது.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் மேனுகா பஸ் ஏறிப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. வடிவம்மா குசினிக்குள் இருந்து சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாட்சாயினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, அம்மாளைத் திட்ட வேண்டாம் எண்டு மேனுகாவுக்குச் சொல்லுங்கோ."

வடிவம்மா பொறுக்கிய அரிசியைச் சுளகின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"எனக்கு வந்தது வெள்ளை மாமி. அந்த அக்காவின்ரை வாளைத்தான் அம்மாள் சொன்னவா. பிறேக் இருந்த வாளை. நான்தான் சிவப்பெண்டு பொய் சொன்னனான். அவரை நான்தான் கொன்றனான்."

சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருந்தாள். மாமியார் சுளகை எடுத்து எறிய வேண்டும், தலைமயிரைப் பிடித்து முற்றத்தில் தள்ள வேண்டும், ஊரைக் கூப்பிட வேண்டும் என்று விரும்பினாள். வடிவம்மாவின் விரல்கள் அரிசிக்குள் இருந்து ஒரு கல்லை எடுத்தன. அதைப் போட இடம் தெரியாதது போல வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குத் தெரியும் பிள்ளை" என்றாள்.

தாட்சாயினிக்கு விளங்கவில்லை.

"நீ வெளியிலை போனாப் பிறகு மற்றப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தவன். செவ்வரத்தை அதுக்குள்ளை இருந்ததாம். வாள் வந்த அண்டைக்குக் கிணத்தடியிலை வைச்சுச் சொன்னவன். அவள் பயத்திலை மாத்திச் சொல்லிப்போட்டாள் அம்மா, நான் அந்த வாளை எடுத்தால் வேலைக்குப் போற நாளெல்லாம் அவள் செத்துச் செத்துப் பிழைப்பாள், இதெண்டால் நான் கொஞ்சம் கவனமா வெட்டினால் காணும் எண்டு சொன்னவன். உன்னட்டைக் கேக்க வேண்டாம் எண்டும் சொன்னவன்."

தாட்சாயினி நிலையோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். சாப்பிட்டேன் என்று அவள் சொன்னதைக் கேட்டு அவன் சிரித்த பின்னேரங்கள் எல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஒன்றாக விழுந்தன.

"எனக்கும் தெரியும்தானே" என்றாள் வடிவம்மா. "பெத்தவள். அந்த இடத்திலையே வாளைத் தூக்கிக் கிணத்துக்குள்ளை போட்டிருக்க வேணும். புருசன் பெண்சாதிக்கு நடுவிலை நான் ஏன் எண்டு பேசாமல் இருந்திட்டன். கவனமா வெட்டு எண்டு ஒரு சொல்லுச் சொன்னனான். அவ்வளவுதான்."

கையில் இருந்த கல்லைச் சுளகிலேயே திரும்பப் போட்டாள்.

"படத்தை நான் கோவத்திலை திருப்பேல்லைப் பிள்ளை. அவாவின்ரை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். யாரும் எழும்பிப் போய் அந்தப் படத்தைத் திருப்பவில்லை.